முப்பதாவது தாய்

குழந்தைகள் வார்டின் கதவுக் கண்ணாடியில் மூக்கு நசுங்க உள்ளே பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மாவைக் கண்டதும் ஜெப்ஸிக்கு உயிர் வந்தது. அடுத்தவர் பதற்றத்தைப் பார்த்துச் சந்தோஷப்படுவது பாவம்தான். ஆனால் பன்னிரண்டு மணிக்குள் அவளுக்கு ஒரு தாய் வேண்டும்.

ஜெப்ஸி நர்சிங் கடைசி வருஷம். ஆஸ்பத்திரியில் சேர்த்த குழந்தைகளின் தாய்மார் எவ்வளவு பதறுகிறார்கள் என்பதுதான் அவளுடைய ஆய்வு. முப்பது தாய்மார், ஆளுக்கு இருபது கேள்வி, கேள்விக்கு நாலு மார்க்; பதற்றம் கூடக் கூட மார்க்கும் கூடும். இன்றைக்குப் பன்னிரண்டு மணிக்குள் முப்பதையும் முடிக்காமல் கல்லூரிப் பக்கம் வராதே என்று வேதமணி மேடம் சொல்லிவிட்டார். இவள் கையில் இருபத்தொன்பதுதான் இருந்தது.

அதிலும் திரேஸ்புரத்து அம்மா ஒருத்தி, ஆறு பேருக்குச் சோறு பொங்காமல் நாலு நாளாக இங்கே உட்கார்ந்திருப்பது சுகமாகத்தான் இருக்கிறது என்று சொல்லி மார்க்கையெல்லாம் கவிழ்த்திருந்தாள்.

“அம்மா, உங்க பிள்ள உள்ளயா இருக்கு?”

“ஆமாம்மா, எம்மவ உள்ளதான் இருக்கா.” கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ஒரு பிள்ளைக்கு ஒரு ஆளைத்தான் உள்ளே விடுவார்கள். உள்ளே அப்பா இருப்பார் போல என்று நினைத்துக்கொண்டு ஜெப்ஸி படிவத்தை விரித்தாள். எடுத்த எடுப்பிலேயே பெயர், வயது, வருமானம் என்று கேட்டால் தாய்மார் மிரளுகிறார்கள் என்று அந்தப் பக்கத்தை அவளே கடைசிக்குத் தள்ளியிருந்தாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

தூக்கம்? ராத்திரி பொட்டுக்கூட இல்லை. பசி? பல்லில் பச்சைத் தண்ணீர் படவில்லை. நெஞ்சு படபடப்பு? ஜெப்ஸியின் கையைப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்தே காட்டிவிட்டார்.

“ஊசின்னா பயமா இருக்கா?”

“அத நெனச்சாதாம்மா ஈரக்கொல நடுங்குது.”

வார்டில் இருப்பவர்களைப் பற்றிக் கவலை? டாக்டர் நல்ல மாதிரிதானாம். அந்தப் பெரிய சிஸ்டர்தான் எல்லார் முன்னாலும் மகளை ஏசிவிடுவாரோ என்று கவலையாக இருக்கிறதாம். பிள்ளை சேட்டைக்காரி போல என்று ஜெப்ஸி ‘மிக அதிகம்’ கட்டத்தில் டிக் அடித்தாள்.

காலடியில் இருந்த கூடையில் தூக்குவாளி. மீன் குழம்பு வாசம் வராந்தா முழுக்க வந்தது. மகளுக்காக விடியுமுன்னே எழுந்து வைத்ததாம். படுத்திருக்கிற பிள்ளைக்கு இவ்வளவு காரமா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆய்வு செய்கிறவர்கள் புத்திமதி சொல்லக் கூடாது என்பதால் ஜெப்ஸி விழுங்கிக்கொண்டாள்.

கூட்டிப் பார்த்தாள். எண்பதுக்கு எண்பது. துள்ளிக் குதிக்க வேண்டியவள் குதிக்கவில்லை. தன் அம்மாவும் சொந்த ஊரான நாசரேத்தில் இப்படித்தானே வாசலில் நிற்பாள் என்று தோன்றியது.

அந்த நேரம் உள்ளே ஒரு குழந்தை வீல் என்று கத்தியது. அந்த அம்மா ஜெப்ஸியின் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டார். உதடு ஏதோ முணுமுணுத்தது. கொஞ்ச நேரத்தில் அழுகை தேய்ந்து நின்றது.

“போட்டாச்சு,” என்று பெருமூச்சு விட்டார். “முடிஞ்சிட்டும்மா.”

விதிமுறை கிடக்கட்டும் என்று ஜெப்ஸி அவர் தோளைத் தொட்டாள். “பயப்படாதீங்கம்மா. உங்க மகளுக்கு ஒண்ணும் ஆகாது.”

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. அவசரமாகக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். பெயர் சுடலைமாடத்தி, ஊர் வேம்பார், உப்பளத்தில் வேலை. மகள் பெயர் பானுப்ரியா.

“பெட் நம்பர் சொல்லுங்க, முடிஞ்சிரும்.”

சுடலைமாடத்தி முதல் தடவையாகச் சிரித்தார்.

“அவளுக்கு எதுக்கும்மா பெட்டு? அந்தா, கையில சிரிஞ்சோட நிக்கா பாரு, இன்னைக்குத்தான் வேலைக்குச் சேந்திருக்கா.”