அப்பாவுக்குப் பசிக்கவில்லை

ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்து மூன்றாவது வருஷம். பெடாஸ் ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டக் கூலி லயத்தில் அன்றைக்கும் அவித்த மரவள்ளிக்கிழங்குதான். ராணுவ முகாமில் விறகு பிளந்துவிட்டு அப்போதுதான் வந்த தங்கையா, தன் தட்டைப் பிள்ளைகள் பக்கம் தள்ளினான்.

"எனக்குப் பசிக்கல. புள்ளைங்க தின்னட்டும்."

"தெனமும் இதேதான் சொல்றீங்க. ஒடம்பு என்னத்துக்கு ஆகும்?" அஞ்சலைக்குக் கண் கலங்கியது. "அடுத்த வீட்டு மனுசன் புள்ளைங்க தட்டுலேருந்து புடுங்கித் திங்கிறான். நீங்க சாமிங்க."

தங்கையா தலை நிமிரவில்லை.

"ஒரு துண்டு தின்னுங்கப்பா" என்று ஊட்ட வந்த நாலு வயது பவளம், அவன் மீசையில் ஒட்டியிருந்த வெள்ளையான ஒன்றை எடுத்தாள்.

"என்னம்மா இது?"

அஞ்சலை அதை வாங்கிப் பார்த்தாள். சோற்றுப் பருக்கை.

ஆறு மாதமாக விறகு வேலை முடிந்ததும் முகாமின் சமையல் குசினியில் அவனுக்கு வயிறு நிறையச் சோறு. ஒரு கவளம் மடியில் ஒளித்துவர அவனுக்குத் துணிவில்லை. வீட்டில் சொல்ல அதைவிடத் துணிவில்லை.

அஞ்சலை பருக்கையை மகள் வாயில் வைத்தாள்.

"மெதுவா மென்னு தின்னுடி. இதுதான் சோறு."