நூற்று நாற்பது மணல் படங்கள்

மார்கழிக் காலையில் ஆள் அதிகமில்லாத கடற்கரையில், அலை விட்டுப்போன வரிகளையும் நண்டுகள் உருட்டிப் போட்ட மணல் மணிகளையும் குனிந்தபடியே படமெடுத்துக்கொண்டு போன அருளப்பன் நிமிர்ந்தபோது கூட வந்த மகளைக் காணவில்லை. இரண்டு பக்கமும் பனி. பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அலைச் சத்தத்தில் அது அவனுக்கே கேட்கவில்லை. படகோரம் வலையிலிருந்து மீன் பிரித்துக்கொண்டிருந்த பெண்ணிடம் ஓடினான்.

"என் பொண்ணு, ஆறு வயசுங்க. இந்தப் பக்கம் வந்துச்சா?"

"வரலியே. என்ன நிறத்துல சட்டை?"

அவனுக்கு நினைவு வரவில்லை. காலையில் பொத்தான் போட்டுவிட்டதே அவன்தான்.

"படம் எடுத்திருப்பீங்கல்ல, காட்டுங்க" என்றாள்.

கேமராவில் முதல் படத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தள்ளினான். வரி, சுழி, நுரை காய்ந்த தடம், சிப்பி கீறிய கோடு. மொத்தம் நூற்று நாற்பது படங்கள், பார்த்த ஒன்றில்கூடப் பிள்ளை இல்லை. கடைசிக்கு முந்தியதில் மட்டும் மணல் வரியைக் கலைத்துக்கொண்டு ஒரு சின்னப் பாதம் பதிந்திருந்தது. படம் கெட்டுப்போச்சு என்று சலித்துக்கொண்டது ஞாபகம் வந்தது. "தள்ளிப் போம்மா" என்று நிமிராமலே சொன்னதும்.

பாதத்தின் விரல்கள் அலையைப் பார்த்து இருந்தன. அதை அந்தப் பெண்தான் முதலில் கவனித்தாள். வலையைக் கீழே போட்டுவிட்டுத் தண்ணீரை நோக்கி ஓடினாள். அவன் கேமராவையே பார்த்துக்கொண்டு நின்றான். பார்க்க இன்னும் ஒரு படம் பாக்கி இருந்தது. கட்டைவிரல் அடுத்த படத்துக்கான பொத்தானின்மேல்தான் இருந்தது, அழுத்தத்தான் முடியவில்லை.