வரிசை தப்பிய இடம்

"கல்யாணத்துக்கப்புறம் இந்த ஆராய்ச்சி, கீராய்ச்சியெல்லாம் வேண்டாமுங்க. கையோட நிறுத்திரலாம்" என்றார் பாப்பம்மாள், இரண்டாவது பஜ்ஜியைப் பிட்டபடி.

மாப்பிள்ளையின் அம்மா அவர். பெண் பார்க்க ஊட்டியிலிருந்து ஜீப் பிடித்து மஞ்சூர் வந்திருந்தார்கள். பக்கத்தில் மகன் செந்தில்நாதன் தலையை ஆட்டினான். அவன் பேச வேண்டியதையும் சேர்த்து அம்மாவே பேசிக்கொண்டிருந்தார்.

ஜோதிமணி தன் அம்மாவைப் பார்த்தாள். தேயிலை பறித்தே மகளைப் பெங்களூரு வரை படிக்க வைத்த கண்ணம்மா, இன்று பஜ்ஜித் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

எத்தனையோ வரன்கள் வந்து போயாயிற்று. ஒருவர் அவளுக்கு வயது அதிகம் என்றார், இன்னொருவர் படிப்பு அதிகம் என்றார். இந்த முறை என்ன சொன்னாலும் சரி என்றுவிடுவதாக ஜோதிமணி முடிவு செய்திருந்தாள். மறுத்துப் பேசவும் தெம்பு வேண்டுமே.

"அப்படி என்னதாம்மா ஆராய்ச்சி பண்றே?" என்று கேட்டார் பாப்பம்மாள்.

"பீங்கானுங்க."

"கப்பு, சாசரா?"

"இல்லீங்க. செல்போனுக்குள்ள கடுகாட்டம் பீங்கான் துண்டு இருக்கும்ங்க, அந்த மாதிரி."

சொல்லி முடிப்பதற்குள் அவளுடைய செல்போனே அடித்தது. பெங்களூருவிலிருந்து பேராசிரியர். கொல்லைப்புறத் துவைகல்லருகே ஓடினாள்; அங்கே நின்றால்தான் டவர் ஓரளவாவது கிடைக்கும், அதுவும் கத்தினால்தான் கேட்கும்.

"சார், கேக்குதுங்களா? குறை இருக்குங்களா சார்? ஆமா சார், வெளிய பார்த்தா ஒண்ணுமே தெரியாது! உள்ள போய்ப் பார்த்தாத்தான்... உருவாகும்போதே வந்திருக்கும் சார். இனி மாத்த முடியாதுங்க!"

இத்தனை வருடமாகத் தேடிய குறை அது. அணுக்களின் வரிசை தப்பிய அந்த ஒற்றை இடத்தால்தான் அவளுடைய பீங்கான் மற்றதைவிட நன்றாக வேலை செய்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். யாரும் நம்பவில்லை. இன்று நுண்ணோக்கியில் படமே விழுந்துவிட்டதாம். உடனே கிளம்பி வா என்றார் அவர்.

ஒரு நிமிடம் உடம்பெல்லாம் சந்தோஷம். அடுத்த நிமிடம் கூடத்து ஞாபகம் வந்தது. "பார்க்கறேன் சார்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே வந்தாள்.

எல்லோரும் எழுந்து நின்றிருந்தார்கள்.

"நல்லவேளைங்க, பொண்ணு வாயாலயே வந்துருச்சு. இதையெல்லாம் மறைக்கலாமுங்களா?" என்ற பாப்பம்மாள் விடுவிடுவென்று படியிறங்கினார். ஜீப் கிளம்பிப் போயிற்று.

"என்னம்மா ஆச்சு?"

"நீ டாக்டருகிட்டப் பேசறதா நெனச்சுட்டாங்க. உனக்கு உள்ளுக்குள்ள என்னமோ கொறையாம்."

"ஐயோ! பேசினது எங்க சாரு, உடனே கெளம்பி வரச் சொல்றாரு. அது பீங்கானைப் பத்தின்னு நீ சொல்லியிருக்கலாம்ல?"

"இலை பறிக்கறவளுக்கு என்ன கண்ணு தெரியும், கப்பும் சாசரும்?"

ஜோதிமணி சோர்ந்துபோய் உட்கார்ந்தாள். அதுவும் நியாயம்தான். லீவில் வரும்போதெல்லாம் தேயிலைச் செடிகளைக் காட்டிக்கூட விளக்கிப் பார்த்திருக்கிறாள். அம்மா 'ம்' கொட்டியபடியே தூங்கிவிடுவாள்.

கண்ணம்மா மிச்சமிருந்த பஜ்ஜியைத் தாளில் மடித்து, மகளின் பயணப்பைக்குள் வைத்தாள்.

"பஸ்ஸுல தின்னுக்கோ, கெளம்பு. ஏங்கண்ணு... வரிசையா நட்ட தேயிலையில ஒரு எடத்துக்கு அப்புறம் எல்லாச் செடியும் அரைச் செடி தள்ளி நின்ன மாதிரி, அந்த அணுவெல்லாம் தள்ளி நிக்கும்னு தேடிட்டு இருந்தியே, அதுதான கெடச்சிருக்கு?"