உடன் நடக்காத ஒருவர்

அந்தக் கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

வனத்துறையின் இணையப் படிவத்தில் மற்றதெல்லாம் நிரப்பியாகிவிட்டது. சனிக்கிழமை, காலை ஏழு மணி. காட்டுக்குள் ஓடைக்கரைச் சுற்றுப்பாதை, எட்டு கிலோமீட்டர். நடப்பவர்கள் இருவர்.

கணவன் எபனேசர் கூடத்தில் பையைக் கவிழ்த்துப் பரப்பி வைத்திருந்தான். அட்டைக்கடிக்கு உப்புப் பொட்டலம், ஆளுக்கு இரண்டு ஜோடி காலுறை. எலுமிச்சை சாதமா சப்பாத்தியா என்று அரை மணி நேரமாகப் பட்டிமன்றம் நடக்கிறது, தன்னந்தனியாக.

"ஓடைய மூணு தடவ தாண்டணுமாம். மேல மழ பேஞ்சா சட்டுனு ஏறிருமாம்" என்றான் குஷியாக.

அவளுக்குக் குஷி வரவில்லை.

கட்டத்தின் மேல் எழுதியிருந்தது: ஆபத்து நேர்ந்தால் தெரிவிக்க வேண்டியவர். உடன் நடக்காத நெருங்கிய உறவினராக இருத்தல் வேண்டும்.

ஆறு வருடமாக எந்தத் தாளில் இப்படிக் கேட்டாலும் அவள் எபனேசர் பேரைப் போடுவாள், அவன் அவள் பேரைப் போடுவான். வாடகை வீட்டுக்கும் அதுதான், ஆஸ்பத்திரிக்கும் அதுதான். இருவரும் ஒன்றாக ஓடையில் இறங்கினால் என்ன செய்வது என்று இருவருமே யோசித்ததில்லை.

அவனுக்குப் பெற்றவர்கள் இல்லை. அண்ணன் மஸ்கட்டில். வெளிநாட்டு எண்ணைப் படிவம் ஏற்கவில்லை.

அவளுக்கு அப்பா இருக்கிறார். பாளையங்கோட்டையில், நன்றாகவே இருக்கிறார்.

சர்ச்சில் தாலி கட்டிக்கொண்ட மகள் செத்துவிட்டாள் என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னவர். சொன்னதோடு விடவில்லை. கிணற்றடிக்குப் போய்த் தலை முழுகிவிட்டு வந்தார்.

அவள் செத்தால் அவரிடம் போய் யார் சொல்வது? சொன்னால்தான் வருவாரா?

அவர் எண்ணைப் போனிலிருந்து எப்போதோ அழித்துவிட்டாள். விரலுக்கு மறக்கவில்லை. பத்து இலக்கமும் தடங்கலில்லாமல் விழுந்தன.

ஒரு பேச்சுக்குப் போட்டுவைப்போம், யார் கூப்பிடப் போகிறார்கள் என்றுதான் அழுத்தினாள்.

திரை மாறியது.

அந்த எண்ணுக்கு ஆறு இலக்கக் குறியீடு அனுப்பப்பட்டுள்ளது. பத்து நிமிடத்துக்குள் உள்ளிடவும்.

போய்விட்டது, அப்பாவின் போனுக்கே.

அனுப்பிய செய்தியையும் கீழே காட்டியது. ஓடைக்கரைச் சுற்றுப்பாதையில் நடக்கவிருக்கும் காந்திமதி எபனேசர் தங்களைத் தமது நெருங்கிய உறவினர் எனக் குறிப்பிட்டுள்ளார். சம்மதமெனில் குறியீட்டை அவரிடம் தெரிவிக்கவும். வேறு யாரிடமும் பகிர வேண்டாம்.

காந்திமதி எபனேசர். ஆதாரில் உள்ளபடி.

அந்தப் பேரை அப்பா இதுவரை படித்ததில்லை.

ஒன்பது நிமிடம்.

மனுஷன் கூட்டுறவு வங்கியில் முப்பத்திரண்டு வருடம் இருந்தவர். ஓய்வுக்குப் பிறகும் தெருவில் ஒருவரை விடமாட்டார். ஓ.டி.பி. வந்தா பெத்த தாய் கேட்டாலும் சொல்லாதீங்க. பால்காரருக்கும் இதே பாடம், கோயில் குருக்களுக்கும் இதே பாடம். அவள் விடுதியில் இருந்த காலத்தில், சாப்பிட்டியா என்று கேட்பதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுவார்.

ஏழு நிமிடம். சப்பாத்தி ஜெயித்துவிட்டதாக எபனேசர் அறிவித்தான்.

ஐந்து.

படிவத்தை மூடிவிடலாம். நடக்க வேண்டுமென்றால் ஊரில் பூங்காவா இல்லை?

அவள் மூடவில்லை. எதிர்பார்க்கிறேன் என்று தனக்குத்தானே ஒப்புக்கொள்ள வெட்கமாக இருந்தது.

மூன்று நிமிடம் இருக்கும்போது போன் அடித்தது. பேர் இல்லை, வெறும் எண்.

எடுத்தாள்.

அந்தப் பக்கம் தொண்டையைக் கனைத்தார்கள்.

"நம்பர் ஒண்ணு வந்திருக்கு. ஒருத்தருட்டயும் சொல்லக்கூடாதுன்னு போட்ருக்கான்."

"நாந்தாம்ப்பா கேட்டேன்."

போனை வைத்துவிடுவார் என்று நினைத்தாள்.

படிக்க ஆரம்பித்தார். நாலு. ஏழு. சைபர். ஒவ்வொன்றுக்கும் நடுவே கண்ணாடியைச் சரிசெய்கிற இடைவெளி. ரெண்டு. ஏழு.

ஐந்தையும் தட்டிவிட்டாள்.

ஆறாவதை அவர் சொல்லவில்லை.

"அப்பா, டைம் ஓடுது."

"ஏட்டி, அது என்ன ஓடை? தண்ணி இழுக்குமா?"

அவளை ஏட்டி என்று கூப்பிட இந்த உலகத்தில் வேறு ஆள் கிடையாது. திரையில் எண்கள் கலங்கித் தெரிந்தன.

முழங்கால் அளவுதான் என்றாள். மழை என்றால் உள்ளேயே விடமாட்டார்கள் என்றாள். மூன்று மணிக்குள் திரும்பிவிடுவோம் என்றாள். அவருக்குப் போதவில்லை. கூட ஃபாரஸ்ட் கார்டு வருவானா, தாண்டுகிற இடத்தில் கயிறு கட்டியிருக்கா, பாறை வழுக்குமே என்று அடுக்கினார். அவள் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். சிலது அவளாக இட்டுக்கட்டிச் சொன்னது.

"சரி. கடைசி நம்பர் ஒம்போது" என்றார்.

தட்டினாள். ஏற்கவில்லை. நேரம் முடிந்துவிட்டிருந்தது. 'மீண்டும் அனுப்பு' என்று ஒரு பொத்தான் மட்டும் நின்றது.

"டைம் போயிட்டுப்பா. இன்னொண்ணு வரணும்."

"வரட்டும். நான் எங்க போப்போறேன்? லைன்லதான் இருக்கேன்."

குறியீடு வந்துவிட்டால் பேச்சும் முடிந்துவிடும். பொத்தானுக்கு மேல் விரலை வைத்துக்கொண்டிருந்தாள்.

அழுத்தவில்லை.