சிவப்புக் கட்டங்கள்

பாரிசுக்கு நாற்பது நிமிடம்தான் மிஞ்சியது.

அவரே செய்த காரியம். டிக்கெட்டை ரத்து செய்ய முடியாது என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததை, பட்டனைத் தட்டிய பிறகுதான் படித்தார்.

ஆம்ஸ்டர்டாமிலிருந்து வரும் ரயில் மூன்று முப்பத்தைந்துக்குப் பாரிசில் இறக்கிவிடும். சூரிச் ரயில் நாலேகாலுக்கு. இறங்கும் ஸ்டேஷன் ஒன்று, ஏறும் ஸ்டேஷன் இன்னொன்று. நடுவில் சுரங்க ரயில்.

ஆக, பாரிசை அவரும் மனைவியும் பூமிக்கு அடியிலிருந்து பார்ப்பார்கள்.

கணக்கு வாத்தியார். இருபத்திரண்டு வருடமாகப் பள்ளிக்கு டைம்டேபிள் போடுகிறவரும் அவர்தான். அவர் போட்ட டைம்டேபிளில் யாருக்கும் ஒரு பீரியடு சும்மா இருந்ததில்லை. ஸ்டாஃப் ரூமில் தனக்கு என்ன பட்டப்பெயர் என்பது அவருக்குத் தெரியும். அது நியாயமான பெயர்தான் என்பதும் தெரியும்.

கோடை விடுமுறையில் ஐரோப்பாவுக்கு ஒன்பது நாள். ஆறு ஊர்.

அதையும் அப்படியே போட்டிருந்தார். சார்ட் பேப்பர், ஸ்கேல், ஸ்கெட்ச் பேனா. நாளுக்கு எட்டுக் கட்டம். நீலம், ரயில். பச்சை, பார்க்கிற இடம். சாப்பாட்டுக்கு நிறம் ஒதுக்கவில்லை. அது நடந்துகொண்டே.

சிவப்பு, ராகுகாலம்.

அது தமயந்திக்காக.

கல்யாணமாகி இருபத்தொன்பது வருடத்தில் அவர் மனைவி ராகுகாலத்தில் வாசற்படி தாண்டியதில்லை. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்பார். எந்த விசேஷத்துக்குக் கிளம்பினாலும் சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் அவளுக்குப் புடவை கட்டி முடியும்.

"ராகுகாலம் முடியட்டுங்க."

செருப்பைக் கழற்றுவார். சோபாவில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கடிகாரத்தை முறைப்பார். அவள் ஒரு ஆரஞ்சை உரித்து, சுளை சுளையாக அவர் கையில் வைப்பாள்.

பகலை எட்டாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு ராகுவுக்கு. நம் ஊரில் ஒன்றரை மணி நேரம். அங்கே மே மாதத்துப் பகல் பதினைந்தரை மணி நேரம். எட்டால் வகுத்துப் பார்த்தார். ஐரோப்பாவில் ராகு தினமும் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்கிறார்.

செவ்வாய்க்கிழமை, பாரிசில், ஐந்தரையிலிருந்து ஏழரை. அது முடிவதற்குள் கடைசி சூரிச் ரயில் போயிருக்கும்.

அதனால்தான் நாலேகால்.

போன டிக்கெட் போகட்டும். ஒரு ஊரை வெட்டினால் பாரிசுக்கு ஒரு முழு நாள் கிடைக்கும். எந்த ஊரை?

ஒரு வாரமாகத் தமயந்தியிடம் கேட்டுப் பார்த்துவிட்டார்.

"உங்க இஷ்டம்."

மகனுக்குப் பெயர் வைத்தபோதும் அதைத்தான் சொன்னாள். இந்த வீட்டை வாங்கியபோதும் அதைத்தான். அவர் இஷ்டப்படி வாங்கினார். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது.

இப்போது அவளுக்கு முழங்கால் வலி. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நின்று, காய்கறிப் பையோடு ஏறி வருகிறாள். இன்னொரு தடவை அந்த முழங்கால் ஐரோப்பாவுக்கு வராது. அது அவருக்குத் தெரியும். அவளுக்கு எது பிடிக்கும் என்பதுதான் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேசையில் சார்ட்டை விரித்தார். நாலு மூலைக்கும் நாலு டம்ளர் வைத்தார். அவள் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"இஷ்டம் கிஷ்டம்னு சொன்னே, நான் வரவே மாட்டேன். நீ மட்டும் போய்ட்டு வா. விரலை வச்சுக் காட்டு. உனக்கு என்ன வேணும்?"

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள்.

விரல் ஆம்ஸ்டர்டாமைத் தாண்டியது. பாரிசின் நாற்பது நிமிடத்தை, நிமிடம்கூட நிற்காமல் தாண்டியது. சூரிச்சில் பனிமலை. தாண்டியது. வெனிஸில் படகு. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். அதையும் தாண்டி ஒரு சிவப்புக் கட்டத்தில் நின்றது.

"இது என்னங்க?"

"ராகுகாலம். உனக்காகத்தான் போட்டேன்."

"அப்ப நாம என்ன பண்ணுவோம்?"

"என்ன பண்றது? எங்கயாவது ஒரு பெஞ்சைப் பார்த்து உக்காந்திருக்கணும். ரெண்டு பேரும். ரெண்டு மணி நேரம். தெண்டம்."

அவள் சிரித்தாள்.

"எனக்கு ராகுகாலத்துல நம்பிக்கையே கிடையாதுங்க. அத்தை இருந்தவரைக்கும் அவங்களுக்காகப் பார்த்தேன். அவ்வளவுதான்."

அவருடைய அம்மா போய்ப் பதினான்கு வருடம்.

கணக்கு வாத்தியார் கணக்குப் போட்டுப் பார்த்தார். பதினான்கு வருடம், வாசலில், மாட்டிய செருப்பைக் கழற்றியது. போன மாதம் உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குக்கூட.

"அப்புறம் எதுக்கு இத்தனை வருஷம்..."

உள்ளங்கையில் ஆரஞ்சு வாசனை அடிப்பது போலிருந்தது.

அவள் விரலை எடுக்கவில்லை.

"எனக்கு இது வேணும்," என்றாள். "ஊரு உங்க இஷ்டம்."