பெட்டிக்குத் திசை பழக்குதல்

கடையில் காட்டியவற்றுள், படகோட்ட ஆளே வேண்டாம் என்று கடைக்காரர் சொன்ன ஆட்டோபைலட் பெட்டியாகப் பார்த்து வாங்கிப் படகில் பொருத்தினான் பெஸ்கி. இதுவரை படகோட்டிய மனைவியின் தம்பி இன்னாசி இனி எஞ்சினைத் தொடக் கூடாது. ஆனால் பெட்டிக்குத் திசை பிடிபட, முதலில் கடலில் வட்டமடிக்க வேண்டுமாம். அதற்கும் இன்னாசியைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

“இதுக்குச் சொல்லிக் குடுத்துட்டு, நாளையிலேருந்து கரையிலயே கெட.”

இன்னாசி எஞ்சின் கைப்பிடியைச் சாய்த்தான். சில சுற்றுகளில் பெட்டி கீச்சிட்டுப் பச்சை விளக்கைக் காட்டியது.

“போதும், விடுலே.”

இன்னாசி கைப்பிடியை விடவில்லை. வட்டம் இறுகியது, வேகம் ஏறியது, படகு சரிந்து, தண்ணீர் பெஸ்கியின் மடியில் விழுந்தது.

“நிறுத்துலே, கவுந்துரும்!”

“என்கிட்ட ஏன் மச்சான் கத்துறீங்க? அதான் படிச்சிருச்சே, அதுகிட்டச் சொல்லுங்க.”

பெஸ்கி இரு கைகளாலும் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.