அழித்த பக்கம்

"உன் வெப்சைட் ஒரு வாரமா ஒரே புலம்பல் ஜோஸு!" என்றான் கிஷோர்.

மண்ணூர்பேட்டையில் ஜோஸின் கிரில் பட்டறை. அவன் செய்த கேட், ஜன்னல் படங்களைப் போட வெப்சைட் அமைத்துக் கொடுத்தவன், அயனம்பாக்கம் ஃபிளாட்டில் குடியிருக்கும் ஐ.டி. நண்பன் கிஷோர். இரும்புக் குவியல் மேல் லேப்டாப்போடு உட்கார்ந்து, சர்வரில் குவிந்த எரர்களைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"புலம்பலா? இன்னான்னு?"

"ஹேமாவதிக்குக் கவிதையா எழுதித் தள்ளுன பக்கத்தைப் போன வாரம் அழிச்சல்ல? அதை யாரோ தினம் தேடி வராங்க. வர்றப்பல்லாம் 'அப்படி ஒரு பக்கம் இல்ல'ன்னு எரர். ஒரே ஆளு. ஏதோ பழைய போன்."

ஜோஸ் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றினான். "ஹேமாவதியா இருக்குமோ?"

"மூஞ்சியப் பாரு, பல்பு எரியுது! அவங்க கல்யாணமாகி ஓசூர்ல புள்ளைய ஸ்கூலுக்கு அனுப்பிக்கிட்டிருக்காங்க."

"அப்பல்லாம் என் போன்ல நெட்டைத் தொட்டாலே அந்தப் பக்கம்தான் மொதல்ல வந்து நிக்கும் மச்சான். அப்டி செட் பண்ணி வெச்சிருந்தேன்."

"இரும்பு அறுக்குற கைக்குக் கவிதை வேற! சரி, அந்தப் பக்கம் எங்கிட்ட பத்திரமா இருக்கு. திருப்பிப் போட்டா எரர் வராது. போடட்டா?"

ஜோஸ் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தான். பக்கத்து பெயிண்ட் கடையில் பில் போடும் ரியாவிடம் போன மாதம்தான், கட்டிக்கிறியா என்று கேட்டிருந்தான். 'யோசிச்சு சொல்றேன்' என்றவள் இன்னும் சொல்லவில்லை. அவளை நம்பித்தான் அந்தப் பக்கத்தை அழித்தான். இங்கே தினம் ஒருத்தி தேடி வருகிறாள்.

"வேணாம்டா," என்றான் கடைசியில். "தேடுறவங்க தேடட்டும். எனக்கு ரியா போதும்."

"அவங்க இன்னும் சரின்னே சொல்லலியே மாமே!"

"சொல்லாங்காட்டியும் போதும்."

வாசலில் செருப்புச் சத்தம். ரியா நின்றிருந்தாள்.

"நாளைக்கு சர்ச்சுல பூசை முடிஞ்சதும் உங்கம்மாவ எங்க ஊட்டுக்கு இட்டுக்கினு வா. எங்கப்பாகிட்ட பேசட்டும்."

ஜோஸ் கையிலிருந்த கண்ணாடி கீழே விழுந்தது. "நெசமாவா? இன்னா திடீர்னு?"

"என் போன் ஒடைஞ்சப்ப, சிம்மை மட்டும் கழட்டிக்கினு உன் பழைய போனைக் குட்த்தியே?" ரியா அதை அவன் மூக்குக்கு நேராக நீட்டினாள். "நெட்டைத் தொட்டாலே ஹேமாவதிதான் மொதல்ல வந்து நிப்பா. ஒரு வாரமா காணோம். திரும்பி வந்துடுவாளோன்னு தினம் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கினு இருந்தேன்."